லோடு வண்டிகளில் கம்ப்ரசர் பொருத்துவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாமக்கல்லில் வாகன மின்பணிப் பட்டறை நடத்தி வருபவன் நான். பிக்கப், குட்டியானை போன்ற சிறிய லோடு வண்டிகளிலும் நடமாடும் பஞ்சர் கடை வண்டிகளிலும், பேட்டரியில் ஓடும் காற்று கம்ப்ரசரை வண்டியோடு சேர்த்தே பொருத்திக்கொள்ளும் வழக்கம் அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவி வருகிறது. கம்ப்ரசர், சிறிய டேங்க், ஹோஸ், சுவிட்ச் எல்லாம் ஒரே பெட்டியில் இணையத்தில் கிடைத்துவிடுகின்றன. வாங்கியவர்கள் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது பக்கத்துப் பட்டறையில் கொடுத்து அரை நாளில் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அப்படி மாட்டப்பட்ட வண்டிகள் பின்னர் ஏதோ ஒரு பழுதுக்காக என் பட்டறைக்கு வரும்போது, அவற்றின் ஒயரிங்கைப் பார்த்து மனம் பதறுகிறது. வண்டியையும் அதை ஓட்டுபவரையும் பெரும் ஆபத்தில் தள்ளக்கூடிய தவறுகள் அவை. ஆனால் சில நூறு ரூபாய்ப் பொருளாலும் சற்றுக் கூடுதல் நேரத்தாலும் முழுமையாகத் தவிர்க்கக்கூடியவை. அதனால்தான் இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வண்டியில் கம்ப்ரசர் வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. நள்ளிரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வரும் ஓட்டுநருக்கு, அடுத்த பஞ்சர் கடை திறந்திருக்கிறதா என்ற கவலை எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். டயர் ஆறியிருக்கும்போதுதான் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். பங்க் வரை ஓட்டிச் சென்றாலே டயர் சூடேறி, அழுத்தம் கூடிக் காட்டிவிடும். ஆகவே, புறப்படும் இடத்திலேயே காற்றுப் பிடித்துக்கொள்ளும் வசதி டயருக்கு நல்லது, டீசல் செலவுக்கும் நல்லது. தேவை நியாயமானது. அந்தத் தேவையை நிறைவேற்றும் முறைதான் திருந்த வேண்டும்.

இத்தனை தவறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு தவறான எண்ணம். வீட்டு மின்சாரம் ஆளைக் கொல்லும், வண்டி பேட்டரியின் 12 வோல்ட் ஒன்றும் செய்யாது என்று பலரும் நம்புகிறார்கள். தொட்டால் அது தூக்கிப்போடாது என்பது உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கவைப்பது ஆம்பியர். 360 வாட் சக்தி கொண்ட ஒரு மோட்டார் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடினால் 2 ஆம்பியர்கூட இழுக்காது. அதே சக்தி கொண்ட கம்ப்ரசர் மோட்டார் 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் நொடியில் இழுப்பது அதைவிடப் பல மடங்கு. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு லாரி பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸைத் தொட்டுவிட்டால், அதன் வழியே பல நூறு ஆம்பியர் பாயும். அந்த நிலையில் ஒயரின் மேலுறை உருகிப் பற்றிக்கொள்ள ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

ஒயரின் பருமனைப் பற்றி எழுதும்போது சிறிய கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். பேட்டரியிலிருந்து கம்ப்ரசர் 4 மீட்டர் தொலைவில் இருக்கிறது, போக ஒன்றும் வர ஒன்றுமாக மொத்தம் 8 மீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கையில் கிடைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால், 30 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே ஏறத்தாழ 1.7 வோல்ட் விழுந்துவிடும். 50 வாட் சக்தி ஒயரைச் சூடாக்குவதிலேயே வீணாகும். அதே இடத்தில் 10 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் இழப்பு அரை வோல்ட்டைக்கூட எட்டாது. மெல்லிய ஒயரில் ஓடும் கம்ப்ரசர் திணறும். டேங்கில் அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில் மீண்டும் புறப்பட முடியாமல் நின்று முனகும். நின்ற மோட்டார் இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். ஏற்கெனவே சூடான ஒயர் மேலும் சூடாகும். "கம்ப்ரசர் மட்டமான சரக்கு, காற்றே ஏறவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலருக்கு நான் கம்ப்ரசரில் கை வைப்பதே இல்லை. ஒயரைத் தடிமனாக மாற்றிக் கொடுத்தாலே அது ஒழுங்காக ஓடிவிடுகிறது. விற்பனைக்கு வரும் மலிவான ஒயர்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியமும் கலந்திருக்கிறது. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்தது ஃபியூஸ். இக்கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம் என்று ஓட்டுநர்களையும் பட்டறைத் தம்பிகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நான் பார்க்கும் வண்டிகளில் பாதிக்குமேல் ஃபியூஸ் கம்ப்ரசர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் பெட்டியில் வரும் ஒயரில் அது அந்த முனையில்தான் கோக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து அந்த ஃபியூஸ் வரைக்கும் வரும் நீண்ட ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. நடுவழியில் எங்காவது அது தேய்ந்து தகட்டைத் தொட்டால், கடைசியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

ஃபியூஸ் காப்பாற்றுவது கம்ப்ரசரை என்று நினைப்பதும் தவறு. அது காப்பாற்ற வேண்டியது ஒயரை. 30 ஆம்பியர் கம்ப்ரசர் என்பதால் 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, அதன் பின்னால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஓட்டினால், ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயரின் உறை உருகிவிடக்கூடும். ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேதான் ஃபியூஸின் அளவு இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸாக மாற்றுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

அண்மையில் ஒரு பிக்கப் வண்டி கேபின் விளக்கு எரியவில்லை என்று வந்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபோது, எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் கூரிய விளிம்பில் கம்ப்ரசர் ஒயரின் சிவப்பு உறை அரைத்துத் தேய்ந்து, உள்ளிருந்த செம்பு இழைகள் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தன. சுற்றியிருந்த கார்ப்பெட்டில் கருகிய வட்டம் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஓடிய விளக்கு ஒயர் அந்தச் சூட்டில் உருகி அறுந்ததால்தான் விளக்கு எரியவில்லை. அந்த வண்டியின் உரிமையாளர் தன் பிள்ளைகளை அதே கேபினில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுவிடுபவர். ஒரு ரப்பர் வளையமும் ஒயருக்கு மேலுறையாகப் போடும் ஒரு நெளிவுக் குழாயும் சேர்ந்து ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை விடவும் அணைக்கவும் உதவும் ரிலேயைப் பெரும்பாலான பட்டறைகளில் இப்போது போடுகிறார்கள், அது நல்லதே. எனினும் டேஷ்போர்டில் வைக்கும் சிறிய சுவிட்ச் வழியாகவோ, சிகரெட் லைட்டர் வழியாகவோ முழு மின்னோட்டத்தையும் விடுபவர்களும் இருக்கிறார்கள். லைட்டர் சாக்கெட்டுக்கான ஃபியூஸும் ஒயரும் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் தாங்கும். பேட்டரியிலிருந்து வரும் பெரிய ஒயர் ரிலேயின் 30 எண் முனைக்கும், 87 எண் முனையிலிருந்து கம்ப்ரசருக்கும் செல்ல வேண்டும். 85, 86 முனைகளில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். டேஷ்போர்டு சுவிட்சையும் டேங்கில் அழுத்தம் நிறைந்ததும் கம்ப்ரசரை அணைக்கும் பிரஷர் சுவிட்சையும் இந்தச் சிறிய சுற்றில்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். இச்சுற்றுக்கு மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் இரவில் வண்டி நிற்கும்போது எங்கோ காற்றுக் கசிந்து, கம்ப்ரசர் தானாக ஓடி ஓடிப் பேட்டரியைத் தீர்க்காமல் இருக்கும். கம்ப்ரசர் இழுக்கும் அளவைவிடச் சற்றே கூடுதலான ரிலேயைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. புறப்படும் மின்னோட்டத்தில் அதன் உள்முனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. ஒட்டிக்கொண்டால் பிரஷர் சுவிட்ச் அணைத்தாலும் கம்ப்ரசர் நிற்காது. டேங்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பது, அழுத்தம் மீறினால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வு மட்டுமே. அது லேசாகச் சீறுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டுத் துளையில் பிளக் போட்டு அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் சுவிட்ச் 150 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 10 பார்) அழுத்தத்தில் அணைப்பதாக இருந்தால், அதற்குச் சற்று மேலே, டேங்கின் தாங்குதிறனுக்குக் கீழே திறக்கும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். பழைய எரிவாயு சிலிண்டரையோ தீயணைப்பான் உருளையையோ காற்று டேங்காக மாற்றுவதும், டேங்கில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

நெகட்டிவ் ஒயரைச் சேசிஸில் கட்டும் எர்த் இணைப்பைப் பலரும் இரண்டாந்தர வேலையாகக் கருதுகிறார்கள். பாசிட்டிவ் ஒயர் எவ்வளவு தடிமனோ, நெகட்டிவும் அதே தடிமனில் இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, வெற்று இரும்பு தெரிந்த பிறகே, ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கை வைத்து இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வரும் வண்டிகளின் எர்த் முனைகளைக் கழற்றினால், லக்கின் அடியில் பச்சைப் பொடியாகக் களிம்பு கொட்டும். அப்படிப்பட்ட இணைப்பில் ஏற்படும் சூடு, மெல்லிய ஒயரில் ஏற்படும் சூட்டுக்குக் குறைந்ததல்ல. லக்கை இடுக்கியால் நசுக்கிவிட்டு டேப் சுற்றுவதும் போதாது. அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் வைத்து வரும் புதிய வண்டிகளில், எர்த்தை நேரே அந்த முனையில் கட்டாமல் சேசிஸில் கட்டுவதே சரி. இல்லையேல் கம்ப்ரசர் இழுக்கும் மின்னோட்டம் வண்டியின் கணக்கில் வராமல் போகும். 2020 ஏப்ரல் முதல் வந்துள்ள, பி.எஸ்.6 என்னும் புகை விதிப்படியான வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சென்சார்களும் நிறைந்துள்ளன. எந்த ஒயர் எதற்கென்று தெரியாமல் கம்பெனி ஒயரிங்கைச் சீவி ஒட்டுப்போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும்.

காற்றுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்ப்ரசரைச் சைலன்சருக்கு அருகில் வைக்கக் கூடாது. சக்கரம் வாரியிறைக்கும் சேறும் தண்ணீரும் படும் இடத்திலும் வைக்கக் கூடாது. காற்று உறிஞ்சும் ஃபில்டரை மட்டும் தனிக் குழாய் வழியாக உயரத்துக்குக் கொண்டுபோவது நல்லது. சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவது சட்டத்தின் வலிமையையே குறைக்கும் என்பதால், ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தியே தாங்கியைப் பொருத்த வேண்டும். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று மிகவும் சூடாக இருக்கும். ஆகவே முதல் குழாய் எஃகுப் பின்னல் ஹோஸாக இருக்க வேண்டும், நைலான் குழாய் டேங்குக்குப் பிறகுதான். இந்தச் சிறிய கம்ப்ரசர்கள் இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்டியில் ஓடும் நேரம் 30 சதவீதம் என்று போட்டிருந்தால், 3 நிமிடம் ஓடினால் 7 நிமிடம் ஓய்வு தர வேண்டும். 8 லிட்டர் டேங்கில் 8 பார் அழுத்தத்துக்கு அடைத்த காற்று, வெளியே விட்டால் 64 லிட்டர்தான். 50 லிட்டர் கொள்ளும் ஒரு டயரை 2 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றவே 100 லிட்டர் தேவை. டேங்க் இருக்கிறதே என்று நாலு டயருக்கும் ஒரே மூச்சில் காற்றுப் பிடிக்க முயன்று கம்ப்ரசரைக் கருக்கிவிடுகிறார்கள். டேங்கின் அடியில் உள்ள டிரெயின் காக்கை அன்றாடம் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்பதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கனரக லாரிகளின் கதை வேறு. அவற்றில் எஞ்சினே ஓட்டும் கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கிறது; அது பிரேக்குக்கான காற்றைத் தருகிறது. அந்தக் காற்றைப் பகிர்ந்து தர நான்கு சுற்றுப் பாதுகாப்பு வால்வு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. முன் பிரேக், பின் பிரேக், ஹேண்ட் பிரேக், உபகரணங்கள் என்று தனித்தனிப் பாதையாகப் பிரித்து, ஒரு பாதையில் கசிவு ஏற்பட்டால் மற்றவற்றின் காற்று வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை. ஆனால் ஏர் ஹார்னுக்கும், சீட்டுக்கும், டயருக்குக் காற்றுப் பிடிக்கும் ஹோஸுக்கும், பிரேக் டேங்கிலேயே மூன்று வாய் கொண்ட டீ (T) இணைப்பு வைத்துக் குழாய் எடுக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்தக் குழாய் ஒன்று பிய்ந்துபோனால், பிரேக்குக்கு வைத்திருந்த காற்றும் அதனோடு போய்விடும். அடிக்கடி லாரி விபத்துகள் நேரும் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் முழு லோடுடன், திரும்பத் திரும்பப் பிரேக்கை மிதித்து இறங்கும் ஓட்டுநருக்கு ஒவ்வொரு பார் காற்றும் உயிருக்குச் சமம். பல லாரிகளில் டயருக்குக் காற்றுப் பிடிப்பதற்கென்றே காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரிலோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அன்லோடர் வால்விலோ தனி வாய் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற உபகரணங்களுக்கான காற்றைப் பாதுகாப்பு வால்வின் உபகரணப் பாதையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பல சுரங்களில் ஒலிக்கும் ஹார்ன் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதிப்படி தடை செய்யப்பட்டது. அதற்காகப் பிரேக் டேங்கில் துளை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

24 வோல்ட் லாரிகளில் இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. 12 வோல்ட் கம்ப்ரசரை வாங்கி, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டே வர, மற்றதற்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. சில மாதங்களில் இரண்டுமே கெட்டுவிடும். வேண்டுமானால் 24 வோல்ட் கம்ப்ரசரை வாங்க வேண்டும். அல்லது வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டரை, கம்ப்ரசர் இழுக்கும் முழு ஆம்பியருக்கும் ஏற்ற அளவில் போட வேண்டும்.

இவற்றைக் கண்காணிக்க வாய்ப்பே இல்லாமல் இல்லை. சரக்கு வண்டிகள் முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எடுக்கின்றன. விளக்கு, பிரேக், ஹார்ன், பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பார்க்கும் ஆய்வின்போது, பேட்டரி முனையில் கூடுதலாகக் கட்டப்பட்டிருக்கும் ஒயர்களைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆய்வாளருக்கு இரண்டு நிமிடம் போதும். பிரேக் டேங்கில் கம்பெனி வைக்காத டீ இணைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். போக்குவரத்துத் துறை இவ்விரண்டையும் ஆய்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

எனினும் அபராதத்தால் மட்டும் இது சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இந்த வேலையைச் செய்யும் தம்பிகளில் பெரும்பாலோர் பதினைந்து பதினாறு வயதில் பட்டறைக்கு வந்து, அண்ணன்மார் செய்வதைப் பார்த்தே கற்றவர்கள். கைத்திறனில் அவர்களுக்குக் குறையில்லை. ஆம்பியருக்கும் ஒயர் பருமனுக்கும் உள்ள கணக்கை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் பகுதிகளில் லாரிப் பட்டறைகள் செறிந்திருக்கின்றன. இங்குள்ள அரசு ஐ.டி.ஐ.களில் மாலை நேரத்தில் சில நாள் குறுகியகாலப் பயிற்சி நடத்தி, ஒயர் தேர்வு, ஃபியூஸ், கிரிம்பிங், காற்றுப் பாதை ஆகியவற்றைச் செய்முறையாகவே கற்பிக்கலாம். பட்டறை உரிமையாளர்கள் தங்கள் ஆட்களைக் கூலி பிடிக்காமல் அனுப்பிவைக்க வேண்டும். என் பட்டறையிலிருந்து அனுப்ப நான் தயாராக இருக்கிறேன். வந்து கற்பிக்க அழைத்தாலும் மகிழ்ச்சியுடன் வருவேன்.

வண்டி உரிமையாளர்களும் வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல், கம்ப்ரசரை ஓடவிட்டு மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைக் கம்ப்ரசரின் பாசிட்டிவிலும் வைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். பிறகு நெகட்டிவ் பக்கமும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சில நிமிடம் ஓடிய பின் ஃபியூஸ் பெட்டியையும் ரிலேயையும் லக்குகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர் ஒருவர்,
நாமக்கல்.